விமானங்களை ஓடுபாதையிலிருந்து பிரிக்காதீர்கள்: பாய லேபார் திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பாய லேபார் நிலத்தின் எதிர்காலத்தைத் திட்டமிடும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அதிகாரிகளுக்கும், சிங்கப்பூர் ஆகாயப்படை அரும்பொருளகத்தின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

பாய லேபார் ஆகாயப்படைத் தளம் 2030களில் இடம் மாறத் தொடங்கும் என்பதும், அதனால் கிடைக்கும் ஏறத்தாழ 800 ஹெக்டர் நிலத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் 150,000 வீடுகள் வரை கட்ட முடியும் என்பதும் 2022ஆம் ஆண்டின் தேசிய தினப் பேரணி உரையில் சொல்லப்பட்டவை. பழைய ஓடுபாதையையும் பழைய முனையக் கட்டடத்தையும் புதிய நகரத்தின் அடையாளங்களாக வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் அப்போதே பொதுவில் பேசப்பட்டது. அந்த எண்ணம் வரைபடத்தில் கோடுகளாக மாறும் முன்னரே ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அரும்பொருளகத்தின் பழைய விமானங்களை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகாமல், அந்த ஓடுபாதையின் ஓரத்திலேயே, அவற்றைப் பராமரித்தவர்களின் குரல்களோடு சேர்த்து நிலைநிறுத்துங்கள். மற்ற எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதாம்.

நான் தேசிய சேவையில் தொடங்கிப் பணி ஓய்வு வரை விமானப் பராமரிப்பிலேயே காலம் கழித்தவன். ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால் பறவைப் பூங்காவுக்கோ கரையோரப் பூந்தோட்டத்துக்கோ அழைத்துச் செல்வதைப் போலவே, ஏர்போர்ட் ரோட்டில் தளத்தின் வேலியை ஒட்டியிருக்கும் அரும்பொருளகத்துக்கும் பலரை அழைத்துச் சென்றிருக்கிறேன். திறந்தவெளியில் நிற்கும் ஹண்டர், ஸ்கைஹாக், ஸ்டிரைக்மாஸ்டர் ஆகிய பழைய படை விமானங்களைப் பார்த்ததும் பெரியவர்கள் வேகத்தைக் கேட்பார்கள், பிள்ளைகள் எத்தனை குண்டு போடும் என்று கேட்பார்கள். ஏறி உட்கார முடியாது என்று தெரிந்ததும் பாதிப் பேர் நிழலைத் தேடிப் போய்விடுவார்கள். ஆனால் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு சி-130 சரக்கு விமானம் மேலெழும்பும் நேரத்தில் நிலைமை மாறிவிடும். அதுவரை காட்சிப்பொருளாக இருந்த ஹண்டரைப் பார்த்து, “இதுவும் இப்படித்தான் கிளம்புமா? எவ்வளவு தூரம் ஓடும்?” என்று கேட்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியைக் கிளப்பியது எந்த விளக்கப் பலகையும் அல்ல, பக்கத்தில் இருந்த ஓடுபாதை.

தளம் போன பிறகு அந்தச் சத்தம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஹவ்காங்கில் குடியிருப்பவன் என்ற முறையில், அதை இழப்பதில் எனக்கு முழு வருத்தம் என்றும் சொல்ல மாட்டேன். சத்தம் போனாலும் நீளம் இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். ஒரு போர் விமானம் தரையை விட்டு எழ எவ்வளவு இடம் கேட்கிறது என்பதை எந்தத் திரையும் காட்டாது. அதை ஒருவர் நடந்துதான் உணர முடியும்.

நம் ஊர் ஏற்கெனவே இழந்த ஓடுதளங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் முதன்முதலாக விமானம் பறந்தது 1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி, ஃபேரர் பார்க்கில் அப்போதிருந்த குதிரைப் பந்தயத் திடலில். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசஃப் கிறிஸ்டியென்ஸ் பிரிஸ்டல் வகை இரட்டை இறக்கை விமானம் ஒன்றில் பறந்து காட்டினார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித் குழுவினரின் விக்கர்ஸ் விமி விமானம் 1919 டிசம்பரில் இறங்கியதும் அதே திடலில்தான். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்தே போகக்கூடிய இடம் அது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

காலாங் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 1937 ஜூன் 12ஆம் தேதி திறக்கப்பட்ட அந்த விமான நிலையத்தில், திறந்த சில நாள்களிலேயே உலகைச் சுற்றும் பயணத்தில் இருந்த அமெலியா ஏர்ஹார்ட் இறங்கினார். 1955இல் அது மூடப்பட்டது. வட்டக் கோபுரம் கொண்ட முனையக் கட்டடம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதற்காக உங்கள் ஆணையத்துக்கு நன்றி. ஆனால் அந்தக் கட்டடத்தின் முன்னால் நிற்கும் ஒருவரால் விமானம் எங்கே இறங்கியது, எந்தப் பக்கமாக எழுந்தது என்று ஊகிக்கவே முடியாது. ஓல்டு ஏர்போர்ட் ரோடு என்றால் இன்று உணவங்காடிதான் நினைவுக்கு வருகிறது. டகோட்டா என்றால் ரயில் நிலையம். காலாங்கில் இறங்கி ஏறிய டிசி-3 டகோட்டா விமானத்தின் பெயர் அது என்பது அங்கே குடியிருப்பவர்களிலேயே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கிறது. கட்டடத்தை வைத்துக்கொண்டு தரையை விட்டுவிட்டால் இதுதான் நடக்கும். பாய லேபாரில் அதே வழியில் போனால், இன்னும் நாற்பது ஆண்டுகளில் ஏர்போர்ட் ரோடு என்பதும் ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராக மட்டும் மிஞ்சும்.

பாய லேபாரின் ஓடுபாதை சாதாரணமானதன்று. 1955 ஆகஸ்ட் 20ஆம் தேதி திறக்கப்பட்டு, 1981 ஜூலையில் சாங்கி திறக்கும் வரை இந்நாட்டின் பன்னாட்டு வாசலாக இருந்தது அதுதான். ராஜுலா கப்பலில் வந்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறை, மதராஸிலிருந்து முதன்முறையாக வான்வழி வந்து கால் வைத்தது இங்கேதான்; வழியனுப்ப வந்தவர்கள் மேல்மாடத்தில் நின்று கையசைத்ததும் இங்கேதான். பிரிட்டிஷ் ஏர்வேசும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் சேர்ந்து பஹ்ரைன் வழியாக லண்டனுக்கு இயக்கிய, ஒலியை விட வேகமாகப் பறக்கும் கான்கார்டு விமானமும் இங்குதான் இறங்கியது. 1977 டிசம்பரில் தொடங்கி, ஒரு சில பயணங்களிலேயே நின்று, 1979இல் மறுபடி தொடங்கி, 1980இல் முடிந்துபோன சேவை அது. ஒரு பக்கம் ஒரு நிறுவனத்தின் வண்ணம், மறுபக்கம் இன்னொன்றின் வண்ணம் என்று அந்த விமானத்துக்கே இரண்டு முகங்கள் இருந்தன. (லாபம் தராத பெருமைகளிலும் வரலாறு உண்டு என்பது என் கட்சி.) 1981க்குப் பிறகு அதே காங்கிரீட்டைப் படை தன் கையில் எடுத்துக்கொண்டது. பயணிகள் விமானமும் போர் விமானமும் மாறிமாறிப் பயன்படுத்திய ஒரே தரையில் இரண்டின் கதையையும் சேர்த்துச் சொல்ல முடியும் என்பது எந்த ஊருக்கும் எளிதில் கிடைக்காத வாய்ப்பு.

அங்கே நிற்கும் விமானங்களில் நம் ஊரின் கதையை அதிகம் சுமந்திருப்பது ஸ்கைஹாக் என்பேன். அமெரிக்கக் கடற்படை பயன்படுத்தி ஒதுக்கிவைத்திருந்த ஏ-4 விமானங்களை 1970களின் தொடக்கத்தில் சிங்கப்பூர் வாங்கியது. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரித்து, புதுப்பித்து, மறுபடி பூட்டிய வேலை இங்கேயே நடந்தது. பயிற்சிக்கு இரண்டு இருக்கை தேவைப்பட்டபோது, ஒரே நீண்ட கண்ணாடி மூடிக்குக் கீழே இரண்டு பேரை உட்காரவைக்கும் வழக்கமான முறையை விட்டு, முன்னும் பின்னும் தனித்தனி மூடிகளோடு இரண்டு அறைகளை அமைத்தார்கள். அப்படிப்பட்ட ஸ்கைஹாக் சிங்கப்பூரைத் தவிர வேறெந்த நாட்டிடமும் கிடையாது. பிறகு 1980களில், பழைய ஜே65 இயந்திரத்தை எடுத்துவிட்டு, எஃப்/ஏ-18 ஹார்னெட்டில் இருக்கும் எஃப்404 வகை இயந்திரத்தைப் பின்னெரிப்பான் (கூடுதல் உந்துவிசை தரும் பகுதி) இல்லாமல் பொருத்தி, சூப்பர் ஸ்கைஹாக் என்று மாற்றினார்கள். வேறு வடிவமுள்ள இயந்திரத்தைப் பழைய உடலுக்குள் வைப்பது என்றால் காற்று உள்வாயில் தொடங்கி எடைச் சமநிலை வரை எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டும். பழைய உடலைத் தூக்கிப் போடாமல் அதிலிருந்து இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்று பார்த்த சிக்கனம், 1968 செப்டம்பரில் வான் தற்காப்புப் படையகமாகத் தொடங்கி, மறு ஆண்டு எட்டு செஸ்னா 172 விமானங்களை வைத்துச் சிலேத்தாரில் பறக்கக் கற்றுக்கொடுத்த, இன்றைய ஆகாயப்படையின் முன்னோடியான ஒரு சிறு அமைப்பின் இயல்பாக இருந்தது. சூப்பர் ஸ்கைஹாக் 2005இல் முன்னணிப் பணியிலிருந்து விலகியது. இயந்திரம் மாற்றிய அந்தப் பின்னுடலைப் பார்வையாளர் எட்டி நின்று பார்க்கும்போது மேற்சொன்ன எதுவும் அவருக்குத் தெரிய வழியில்லை. ஒரு பக்கத் தகட்டைத் திறந்து கண்ணாடியிட்டு உள்ளே விளக்குப் போட்டால் பாதிக் கதை தானாகவே வெளியே வந்துவிடும்.

இடமாற்றம் பற்றித் தொழில்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். பறக்காத விமானத்தைச் சாலை வழியாக நகர்த்துவது, மேசையை வேறு அறைக்கு மாற்றுவது போன்ற வேலையன்று. ஸ்கைஹாக்கின் இறக்கை ஒரே துண்டு. முனைக்கு முனை சுமார் 8.4 மீட்டர். சிறியது என்பதால் விமானந்தாங்கிக் கப்பலிலும் அதை மடிக்கத் தேவைப்படவில்லை. சாலையில் அதுவே இரண்டு தடங்களை விட அகலம். எனவே உடலையும் இறக்கையையும் பிரிக்க வேண்டும். பல ஆண்டுகளாக அசையாமல் இறுகிப்போன போல்ட்டைக் கழற்றும்போது, அது வருமா, அதைச் சுற்றியுள்ள உலோகம் கிழியுமா என்பது கழற்றும் வரை தெரியாது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தொலைகிறது, ஏதோ ஒன்று புதிதாகச் செய்யப்படுகிறது. சில இடமாற்றங்களுக்குப் பிறகு பழைய வடிவில் ஒரு பொம்மைதான் மிஞ்சும்.

இந்தியக் கடற்படையின் டியு-142 வேவு விமானம் இதற்கு ஒரு பாடம். அரக்கோணம் ராஜாளி தளத்தில் நெடுங்காலம் பணிசெய்து 2017 மார்ச்சில் ஓய்வுபெற்ற அவ்வகை விமானங்களில் ஒன்று விசாகப்பட்டினத்துக்குப் பறந்து சென்று, அங்கே பிரிக்கப்பட்டு, கடற்கரையில் மறுபடி பூட்டப்பட்டு அருங்காட்சியகமாகியிருக்கிறது. உள்ளே ஏறிப் பார்க்க முடிவது அருமை, கூட்டமும் வருகிறது. ஆனால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும் இடத்தில் ஓர் அலுமினிய உடலை நிறுத்துவது என்றால், அதன் பிறகு பராமரிப்புக்கு ஓய்வே கிடையாது. தவிர, அந்த விமானத்தோடு வாழ்நாளைக் கழித்த அரக்கோணத்து ஊழியர்களின் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டுமானால் வேறு மாநிலத்துக்குப் போக வேண்டும். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபர்டில் நேர்மாறாகச் செய்தார்கள்: போர்க்காலத்தில் விமானங்கள் எழுந்த அதே தளத்தையும் ஹேங்கர்களையும் (விமானங்களை நிறுத்தும் கொட்டகைகள்) ஓடுபாதையையும் வைத்துக்கொண்டு அதற்குள் அருங்காட்சியகத்தை அமைத்தார்கள். பெர்லினில் டெம்பிள்ஹோஃப் நிலையத்தை மூடிய பிறகு ஓடுபாதைகளை அப்படியே பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். மக்கள் அதில் மிதிவண்டி ஓட்டுகிறார்கள். இவ்விரண்டையும் ஒரே இடத்தில் சேர்ப்பதற்கு வேண்டிய நிலம் பாய லேபாரில் இருக்கிறது.

சேர்க்கும்போது கூரை போடுங்கள். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும், காற்றில் ஈரம் குறையாத ஊர் நம்முடையது. விமானத்தின் உடல் அலுமினியக் கலவை, அதில் இறங்கியிருக்கும் பல இணைப்பிகள் எஃகு. இரு வேறு உலோகங்களுக்கு நடுவே ஈரம் தங்கினால் மின்வேதி அரிப்பு தொடங்கும், இரண்டில் அலுமினியமே கரையும். வெளியே வண்ணம் பளபளவென்று இருக்க, உள்ளே தகடு ஏடு ஏடாகப் பிரிந்துகொண்டிருப்பதை ஹேங்கரில் வேலை செய்த எவரும் பார்த்திருப்பார்கள். அடிவயிற்றில் நீர் வடிய விட்டிருக்கும் துளைகளில் இலைச்சருகு அடைத்தால் மழைநீர் உள்ளே தேங்கும். மைனா காற்று உள்வாயில் கூடு கட்டும். அதன் எச்சம் அமிலம். விமானியறையின் அக்ரிலிக் மூடி வெயிலில் நுண்விரிசல் கண்டு மங்கும். சக்கரங்கள் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் எடை தாங்கினால் டயர் தட்டையாகிவிடும். எடையைத் தாங்கு கட்டைகளுக்கு மாற்ற வேண்டும். ஆபத்தில் விமானியை வெளியே வீசும் வெளியேற்று இருக்கையின் வெடிபொதிகளை எடுத்துவிடுவது எல்லா ஊரிலும் முதல் வேலை. பழைய பிரிட்டிஷ் கருவி முகப்புகளில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசியிருந்த காலம் உண்டு என்பதால், விமானியறையைத் திறந்து காட்டும் முன் அதையும் அளந்து பார்க்க வேண்டும்.

இதற்குக் குளிரூட்டிய கண்ணாடி மாளிகை தேவையில்லை. அது கேடாகவும் முடியலாம், ஏனெனில் கதவு திறக்கும்போதெல்லாம் வெளியிலிருந்து வரும் ஈரக் காற்று குளிர்ந்த உலோகத்தில் வியர்வையாகப் படியும். பக்கங்கள் திறந்த, மழையையும் வெயிலையும் மட்டும் தடுக்கும் உயர்ந்த கூரை போதும். தளத்தில் நிற்கும் ஹேங்கர்களில் ஒன்றோ இரண்டோ அப்படியே அதற்குப் பொருந்தும். புதிதாகக் கட்டும் செலவும் குறையும், ஹேங்கர் என்ற கட்டடமும் காக்கப்படும். பிளட்ஹவுண்ட் ஏவுகணையைப் போல, பிரிட்டிஷ் படை விட்டுச்சென்றதை நாம் எடுத்துக்கொண்ட பொருள்களையும் அங்கேயே நிறுத்தலாம்.

இனி குரல்கள். பிரிட்டன் தன் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக 1968 ஜனவரியில் அறிவித்து, 1971இல் ஏறத்தாழ முழுவதுமாக வெளியேறியது. அதுவரை நாட்டின் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்தது. சிலேத்தார், செம்பவாங், தெங்கா, சாங்கி என்று எல்லாத் தளங்களிலும் எழுத்தர்களாக, கிடங்குக் காப்பாளர்களாக, பட்டறை உதவியாளர்களாகத் தமிழரும் மலையாளிகளும் நிறைய இருந்தார்கள். தளத்து ஆட்களின் பசியை நம்பி வளர்ந்த ஜாலான் காயுவின் பரோட்டாக் கடைகள் இன்றும் புகழோடு இருக்கின்றன. தளத்தில் ஸ்பேனர் பிடித்தவர்களின் கதைதான் எங்கும் எழுதப்படாமல் போய்க்கொண்டிருக்கிறது. வேலை போய் வேறு தொழில் கற்றவர்கள் உண்டு. புதிதாகப் பிறந்த நம் படையின் பட்டறைகளுக்கு மாறியவர்களும் உண்டு. அவர்களில் இளையவருக்கே இன்று எழுபதைத் தாண்டியிருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இலிருந்து இத்தகைய நினைவுகளைப் பதிவுசெய்து வருகிறது. அவர்களோடு சேர்ந்து, விமானப் பராமரிப்பாளர்களுக்கென்றே ஒரு பதிவுத் திட்டத்தை, தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும், இப்போதே தொடங்குங்கள். விமானங்களுக்குக் கூரை போட 2030கள் வரை பொறுக்கலாம். மனிதர்கள் அதுவரை பொறுக்க மாட்டார்கள். அந்தப் பதிவுகளை அந்தந்த விமானத்தின் அருகிலேயே, கேட்பவர் தன் மொழியில் தேர்ந்தெடுத்துக் கேட்கும்படி வைக்கலாம். விமானியின் வீரத்தை எல்லா அருங்காட்சியகங்களும் சொல்கின்றன. பின்னிரவில் இயந்திரத்தை மாற்றிக் கையெழுத்திட்டு, விடியும்போது அந்த விமானம் பத்திரமாக இறங்கும் வரை காத்திருந்தவரின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் மிகக் குறைவு.

மறுப்புகளும் வரும் என்று அறிவேன். வீட்டுக்கு இடமில்லாத ஊரில் பழைய விமானத்துக்கு நிலமா என்று கேட்பவர்களுக்கு, 800 ஹெக்டரில் ஒரு ஹேங்கரும் ஓடுபாதையில் ஒரு துண்டும் எவ்வளவு சிறிய பங்கு என்பதை வரைபடமே காட்டும். தவிர, அந்த வீடுகளில் குடியேறப்போகிறவர்களுக்குத் திடல் தேவை; ஓடுபாதையே திடலாக இருக்கட்டும். போர்க் கருவிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி மகிழ்வதா என்று கேட்கும் நண்பர்களும் எனக்கு உண்டு, அவர்கள் கேள்வியை நான் எளிதாக ஒதுக்குவதில்லை. 1941 டிசம்பர் 8ஆம் தேதி விடியுமுன் ஜப்பானிய விமானங்கள் இந்நகரத்தின் மீது குண்டு வீசியபோது தெரு விளக்குகள்கூட அணைக்கப்படவில்லை. வானைக் காக்க இருந்த பஃபலோ விமானங்களால் எதிரியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை; இரண்டு மாதங்களுக்குச் சற்று மேல், ஊர் சரணடைந்தது. அந்தக் கதை ஹண்டருக்கு முன்னால் சொல்லப்பட்டால், பார்வையாளர் அதைப் பொம்மையாகப் பார்க்க மாட்டார்.

கடைசியாக, நடைமுறையில் சில. நிலப் பயன்பாட்டுத் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது, அரும்பொருளகத்துக்கான இடம் அதில் ஓடுபாதையோடு ஒட்டிக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சாலையும் குழாயும் போட்ட பின் இடம் இருக்காது. கருத்துக் கேட்புக் கூட்டங்களில் ஒன்றையாவது ஹவ்காங்கிலோ சிராங்கூனிலோ, தமிழில் பேச விரும்பும் மூத்தவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஏற்பாட்டோடு நடத்துங்கள். எந்தெந்த விமானம் நகர்த்தத் தக்கது, எது நகர்த்தினால் உடையும் என்று ஓய்வுபெற்ற பராமரிப்பாளர்கள் சிலரைக் கொண்டு இப்போதே ஒரு நிலை ஆய்வு செய்துவிடுங்கள். அந்த ஆய்வுக்குச் சம்பளம் எதிர்பாராமல் வரக்கூடியவர்கள் பலரை நான் அறிவேன், நானும் வருவேன். கருவிப்பெட்டி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, அழைத்தால் போதும்.

இப்படிக்கு,
பணி ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர் ஒருவர்,
ஹவ்காங்